மறந்துட்டேன் என்கிற பொத்தான்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தி பாக்கியமணி மைனி, போன அசனப் பண்டிகைக்கு, எங்கள் வேதக்கோயிலில் ஊருக்கே சோறு போடுகிற நாளுக்கு, முந்தின சாயங்காலம், கோயில் பந்தலில் பெண்கள் எல்லாரும் வட்டமாய் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது. மைனிக்குச் சொந்த ஊர் கிருபைவிளை. ஒரு கூடை காய் முடியும்வரைக்கும் சொல்லிவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த கூடை வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஒரு சொல் பிசகாமல் தொடர்ந்தார்கள். ஆகையால் நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

கிருபைவிளை எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர். செம்மணல் மேடான தேரியும் பனையும் நடுவில் ஒரு கோயிலும் உள்ள ஊர், ஆம்பளைகளை எல்லாம் அரபு நாடு வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவு என்று கொஞ்ச நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிற ஊர். அங்கே கோயிலுக்குப் பின்தெருவில், ஒரே சுவரைப் பாதியாய்ப் பங்கிட்டுக்கொண்டு இரண்டு வீடு. ஒன்றில் மூத்தவன் துரைசிங்கின் மனைவி எப்சிபாவும் அவள் மகள் ஷெரினும் இருந்தார்கள். மற்றதில் இளையவன் கோல்டனின் மனைவி லிதியாள் இருந்தாள், அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அண்ணனும் தம்பியும் அங்கே ஒரே கம்பெனியில், ஒரே அறையில், ஒருவன் மேல்கட்டிலும் ஒருவன் கீழ்கட்டிலுமாய்க் கிடந்தார்கள். ஓரகத்திகள் இரண்டு பேரும் இங்கே ஒரே முற்றத்தில் கோலப்பொடி மாதிரி வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எப்சிபாவுக்கு ஆண்டவர் கொடுத்த வரம் ஞாபகம். வருஷந்தோறும் பெண்கள் ஞாயிறு என்கிற நாளில் கோயிலில் நடக்கிற மனப்பாட வசனப் போட்டியில் அவள் எழுந்து நின்றால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மூச்சு விடாமல், கண்ணைச் சிமிட்டாமல், மழை கொட்டுகிற மாதிரி சொல்லி முடித்து, முதல் பரிசு எவர்சில்வர் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போவாள். லிதியாளுக்கோ மண்டையில் ஒன்றும் தங்காது. பாலை அடுப்பில் வைத்து மறப்பாள், குழாயைத் திறந்து மறப்பாள், வசனத்தின் முதல் நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள், சபையும் சிரிக்கும், ஆறுதல் பரிசாய் ஒரு சோப்பு டப்பா கொடுப்பார்கள். அதில் எப்சிபாவுக்கு ஒரு வருத்தம் உண்டு, தனக்குக் கை தட்டுகிற சபை அவளுக்கு மட்டும் ஏன் சிரிக்கிறது என்று. அது பொறாமையின் விதை என்று அப்போது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

பரிசு வாங்கின மறுவாரமே பெண்கள் வசனத்தை மறந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டு, ஐயரம்மா, அதாவது போதகருடைய மனைவி, ஒரு நாள் தன் மருமகளைக் கொண்டு எல்லாருடைய போனிலும் கார்டு ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். போன் முன்பக்கத்தைக் காட்டும். நாம் பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்த்து, மறந்துட்டேன், கஷ்டம், சரி, சுலபம் என்று கீழே இருக்கிற நாலு பொத்தானில் ஒன்றை அமுக்க வேண்டும். சரி என்றால் அந்தக் கார்டு நாளைக்கு வராது, இன்னும் தள்ளி வரும், மறுபடியும் சரி என்றால் அதையும்விடத் தள்ளிப் போகும். மறந்துட்டேன் என்றால் கார்டு புதுசாகி, உடனே திரும்பி வந்து நிற்கும். நமக்கு எது மறக்கப்போகிறதோ அது மறக்கப்போகிற நேரத்துக்குச் சரியாய் வரும், எது நன்றாய்த் தெரியுமோ அது நம்மை விட்டு விலகி விலகிப் போகும், அதுதான் இதன் புத்தி என்று அந்த மருமகள் விளக்கினாள். பொய்யாய் மட்டும் அமுக்கிவிடாதீங்க, அது நீங்க சொல்லுகிறதை அப்படியே நம்பும் என்றும் சொன்னாள்.

லிதியாள் அன்றைக்கே, போன புத்தாண்டு ஆராதனையில் தான் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையின் படப் பக்கத்தை, கார்டின் முன்பக்கத்துக்குப் போட்டோ எடுத்தாள். அட்டை ஷோகேஸ் கண்ணாடியில் செருகியிருந்தது, பக்கத்தில் கோல்டனின் போட்டோ இருந்தது. அவள் கை ஆடி, அட்டை விளிம்போடு போய், கோல்டனின் முகம் முழுசாய் விழுந்துவிட்டது. பரவாயில்லை என்று பின்பக்கத்தில் வசனத்தைப் போட்டு வைத்தாள். மறுநாள் காலையில் கார்டு வருகிற நேரத்தில், "பால் பொங்குது பாருட்டி" என்று அடுக்களை வாசலில் லுங்கியோடு நின்றான் கோல்டன். லிதியாள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அணைத்த பிறகு இவர் எப்போது வந்தார் என்று யோசித்தாள், பிறகு யோசிப்பதையும் மறந்துவிட்டு அவனுக்குக் காப்பி ஆற்றினாள்.

அவன் போனைப் பார்த்து, எங்கே வசனத்தைச் சொல்லு என்றான். அவளுக்கு வரவில்லை. வராதவரைக்கும் அவன் போகவில்லை. சாளைமீன் குழம்பும் சோறும் சாப்பிட்டான், குழாய்க்கு வாஷர் மாற்றினான், அவள் மறந்துட்டேன் என்று அமுக்கினதால் சாயங்காலம்வரைக்கும் இருந்துவிட்டு, திறந்த ஜன்னலில் வெயில் மாறுகிற மாதிரி இல்லாமல் போனான். மறுநாள் மறுபடியும் வந்தான். அங்கே அந்த நேரத்தில் அவன் இராத்திரி டூட்டி முடித்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தானாம். எழுந்தபோது கையில் மீன் வாசம் இருந்ததாம், கீழ்கட்டிலில் இருந்த துரைசிங் அதை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மழை பெய்தால் விரித்த நெல்லை அள்ளுகிற மாதிரி எடுத்துக்கொண்டது என்பேன். முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் அரபு நாட்டில் ஆள் இருக்கிற எல்லாப் பெண்களும் கல்யாண போட்டோவைக் கார்டாக்கிவிட்டார்கள். பால்காரர் வாசலில் நின்று, இன்னைக்கு வீட்டுல ஆள் உண்டா என்று கேட்டுவிட்டுப் பால் ஊற்றினார். டீக்கடையில் ஒரு பெஞ்சு கூடுதலாய்ப் போட்டார்கள். முடிவெட்டுகிறவர், இங்கே வெட்டினது அங்கேயும் குறைகிறதா என்று போனில் விசாரித்து, குறைகிறது என்று தெரிந்தபிறகே கத்தரியைத் தொட்டார். கோயில் கமிட்டி கூடி, கார்டில் வருகிறவனை ஆராதனைக்கு வந்தவனாய் எண்ணலாமா என்று வெகுநேரம் பேசினது. ஐயர் கடைசியில், பசிக்குச் சாப்பிடுகிறவனை ஆவி என்று சொல்ல முடியாது, ஆண்கள் பக்கம் உட்காரட்டும் என்றார். அப்படியே உட்கார்ந்தார்கள். பாட்டு நடுவில் சிலர் இல்லாமல் போவார்கள், பக்கத்தில் இருக்கிறவர் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே ஒரு காரியம் வெளியானது. புருஷனை நன்றாய் ஞாபகம் வைத்திருக்கிறவளுக்கு அவன் தள்ளித் தள்ளி வந்தான். மறக்கிறவளுக்குத்தான் தினமும் வந்தான். அதற்குப்பிறகு வல்லாரைக்கீரை விற்கிறவள் அந்தத் தெருவுக்குள் கூடையை இறக்கவே இல்லை, வாங்க ஆள் இல்லை. குழாயடியில் லிதியாள் குடத்தை வைத்தால், மறதிக்காரிக்குத் தினமும் மறுவீடு என்று ஒருத்தி சொல்லுவாள், லிதியாளும் சேர்ந்து சிரிப்பாள்.

எப்சிபா சிரிக்கவில்லை. அவள் கார்டில் முன்பக்கம் துரைசிங்கின் முகம், கீழே இவர் யார் என்று ஒரு கேள்வி. முதல் நாள் அவன் முற்றத்தில் வந்து நின்று செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வாய் தானாய்ப் பதில் சொல்லிவிட்டது, விரல் தானாய்ச் சுலபம் என்று அமுக்கிவிட்டது, காப்பித் தம்ளர் ஆவி பறக்க அப்படியே இருந்தது, ஆள் இல்லை. அடுத்தது ஒரு வாரம் கழித்து வந்தான், அதற்கடுத்தது மாதம் போனபிறகு. அதற்கப்புறம் எப்போது என்று போனைப் பார்த்தால், கோடை தாண்டிய ஒரு தேதியைக் காட்டினது. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரிந்ததைச் சொல்லிச் சொல்லியே பரிசு வாங்கினவள் அவள்.

சுவருக்கு அந்தப் பக்கமோ தினமும் சத்தம். ஆம்பளை இருமுகிற சத்தம், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சத்தம், துண்டை உதறுகிற சத்தம், லிதியாள் சிரிக்கிற சத்தம், சிரிப்பு நின்று போய் ஒன்றுமே கேட்காத சத்தம். எப்சிபா சுவரில் சாய்ந்து பயறு புடைப்பாள், புடைத்த பயறையே திரும்பவும் புடைப்பாள். இரண்டு வரி வசனம் தெரியாதவளுக்கு இவ்வளவா என்று ஆண்டவரிடமே கேட்டாள். ஜெபத்தில் லிதியாளின் பேர் வருகிற இடத்தில் நாக்கை மடித்துக்கொண்டாள். ஒருநாள் லிதியாள் கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்து, அவுக ஒங்களுக்கும் குடுக்கச் சொன்னாக அக்கா என்றபோது, வாங்கி வைத்துவிட்டு அவள் போனதும் கோழிக்குப் போட்டாள். கோழியும் தின்னவில்லை என்று மைனி சொன்னார்கள். அதை மட்டும் நான் அவ்வளவாய் நம்பவில்லை.

தேதி கடைசியில் வந்தது. துரைசிங் முற்றத்தில் வந்து நின்றான். போன், இவர் யார் என்றது. எப்சிபா வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாய் மறந்துட்டேன் என்று அமுக்கினாள். அன்றைக்கு அவன் சாயங்காலம்வரை இருந்தான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். அவள் சுவர்ப்பக்கமாய் நின்று வேண்டுமென்றே உரக்கச் சிரித்தாள், கோழி அடித்துக் குழம்பு வைத்தாள், குழாயடிக்குப் போகும்போது தலையில் பூ வைத்துக்கொண்டு போனாள்.

ஆனால் பொய்யாய் அமுக்கினால் போன் அதை நம்பிவிடும், கார்டு புதுக் கார்டாகிவிடும் என்று ஐயரம்மாவின் மருமகள் சொன்னதை, ஒன்றையும் மறக்காத எப்சிபா எப்படியோ அந்த ஒரு சமயத்தில் நினைக்கவில்லை. மறுநாள் துரைசிங் தம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டான். இன்னொரு நாள் குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டான். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு, நீங்க சாப்பிட்டாச்சா என்றான். அவளுக்கு முதலில் அது இனிப்பாகத்தான் இருந்தது, கல்யாணமான புதுசில் கிடைக்காத மரியாதை இப்போது கிடைக்கிறது என்று. லிதியாள் நிஜமாய் மறந்து அமுக்கினாள், கோல்டனிடம் ஒன்றும் கழலவில்லை. எப்சிபா பொய்யாய் அமுக்கின ஒவ்வொரு நாளும் துரைசிங்கிடமிருந்து ஒன்று கழன்று போய்க்கொண்டிருந்தது, அவள் பார்த்தும் பார்க்காதவளாய் இருந்தாள். அங்கிருந்து வருகிற போன் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. சிக்னல் இல்லை என்று மகளிடம் சொன்னாள்.

லிதியாள்தான் வந்து சொன்னாள். அவளுக்கு என்னவோ அன்றைக்கு மறக்காமல் இருந்தது. கிறிஸ்மஸ் லீவுக்கு அண்ணனும் தம்பியும் டிக்கெட் போடப் போனார்களாம். துரைசிங் அத்தானிடம் எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு, நீங்களே நல்ல ஊரா ஒண்ணு சொல்லுங்க என்றாராம். டிக்கெட் போடுகிறவன் சிரித்தானாம், அவர் சிரிக்கவில்லையாம்.

எப்சிபா பயறுத் தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. ஒனக்கு என்னட்டி, ஒன் வீட்டுலதான் தினமும் இருக்காகளே, என் வீட்டு நியாயம் ஒனக்கு எதுக்கு என்று கேட்டாள். நீ மறக்கிறது மட்டும் வரம், நான் மறந்தா பாவமா என்றும் கேட்டாள்.

லிதியாள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க கண்ண மூடுனா அத்தான் இருக்காக. எனக்குக் கண்ணத் தெறந்தாத்தான் அவுக இருக்காக. அவுக போன ஒடனே எனக்கு மொகம் போயிருதுக்கா, போட்டோவப் பாத்துட்டுத்தான் படுக்கேன். தினமும் வந்து தினமும் கேக்காக, இன்னைக்கும் மறந்துட்டியான்னு. அந்த மொகத்த நீங்க பாக்கல. நான் ஒங்களப் பாத்துத்தான் வயிறெரியுதேன், நீங்க எதுக்கு என்னப் பாத்து எரியுதீக?"

எப்சிபாவுக்கு அது ஆறுதலாய் இல்லை. ஆறுதலாய் இருந்தது என்று நான் சொன்னால் அழகாய் இருக்கும், ஆனால் மைனி அப்படிச் சொல்லவில்லை. அழுகிறதுக்குக்கூட அவளுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றுதான் எப்சிபா நினைத்தாளாம்.

மறுநாள் காலையில் அவள் அடுக்களையில் இருக்கும்போது வாசலில் யாரோ செருமினார்கள். ஷெரின்தான் போய்க் கதவைத் திறந்தாள். பாப்பா, அம்மா இருக்காங்களா என்று ஒரு குரல் கேட்டது, சிலிண்டர் கொண்டுவருகிறவன் கேட்கிற மாதிரி. ஷெரின், அவளிடமிருந்தும் அவன் கழன்றுவிட்ட மாதிரி, உள்ளே திரும்பி, தன் அப்பாவின் மூக்கையும் அப்பாவின் காதையும் முகத்தில் வைத்துக்கொண்டு, சொன்னாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காக."

எப்சிபா கையில் மாவோடு வெளியே வந்தாள். துரைசிங் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கு வெளியே நின்றான். பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. போன், இவர் யார் என்று கேட்டுக்கொண்டு கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லிதியாள் எதற்கோ சிரித்தாள், கோல்டனும் சிரித்தான். எப்சிபாவின் விரல் பழகின பொத்தானுக்கு மேலேயே நின்றது, ஒரு அமுக்கு அமுக்கினால் இன்றைக்கும் மத்தியானம் சோறு போடலாம், சாயங்காலம்வரை ஒரு ஆம்பளை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். பிள்ளையைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, போட்டியில் நிற்கிற மாதிரி நேராய் நின்று, மூச்சு விடாமல் சொன்னாள். இவுக துரைசிங், செல்லையா நாடார் மூத்த மகன், இடது முழங்கையில் பனங்கருக்கு கிழிச்ச தழும்பு உண்டு, காப்பிக்குச் சர்க்கரை போட்டா கோவம் வரும், கருப்பட்டி போடணும், கல்யாணத்தன்னைக்கு ஐயர் சம்மதமான்னு கேட்டப்போ தும்மிட்டாக, கோயிலே சிரிச்சுது, தும்மல் முடிஞ்சு சம்மதம்னு சொன்னாக, கோவத்துல சாப்பிடாமப் படுப்பாக, படுத்த பெறகு அடுக்களையில வந்து சட்டியை உருட்டுவாக, இந்தப் பிள்ளை பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பைத் தொலைச்சுட்டு வெறுங்காலோட வீட்டுக்கு வந்து ஊரெல்லாம் மிட்டாய் குடுத்தாக, அந்தப் பிள்ளைதான் இது, இது ஷெரின், ஒங்க மக, நான் எப்சிபா, ஒங்க வீட்டுக்காரி, எனக்கு எல்லாம் தெரியும், ஒண்ணும் மறக்கல, மறந்தேன்னு சொன்னது பொய்.

தூரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறதைக் கேட்கிறவன் மாதிரி அவன் தலையைச் சாய்த்தான். அவள் பொத்தானை அமுக்கினாள். சரி என்கிறதை. காப்பி கொடுக்கக்கூட நேரம் இல்லை.

புதுக் கார்டு அல்லவா, அடுத்த நாளே வந்தான், தம்ளர் இருக்கிற இடம் தெரிந்தது. அவள் மறுபடியும் எல்லாம் சொன்னாள், சரி என்றாள். பிறகு வாரம் தள்ளி வந்தான், பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் முழுசாகிற அளவுக்கு வருகிறது தள்ளிப்போனது, தள்ளிப்போகிற அளவுக்கு அவன் முழுசானான். ஒவ்வொரு தடவையும் அவள் தன் கையால் அவனை அதிகத் தூரத்துக்கு அனுப்பினாள். கடைசியாய் அமுக்கினபோது போன் காட்டின தேதி கிறிஸ்மஸைத் தாண்டி இருந்தது. இனிமேல் அவன் வந்தால் விமானத்தில்தான் வரவேண்டும், வழி தெரிந்திருந்தால். ஒருநாள் சாயங்காலம் அங்கிருந்து போன் வந்தது. டிக்கெட் போட்டாச்சு என்றான், ஊர் பேரை அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த வாரங்களில் சுவருக்கு அந்தப் பக்கச் சத்தம் குறையவே இல்லை. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முறுக்குச் சுட்டாள், அச்சை முறிக்கிற மாதிரி பிழிந்தாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் தெருவில் கார் வந்து நின்றது. முதலில் கோல்டன் இறங்கி ஓடினான். துரைசிங் மெல்ல இறங்கினான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு முற்றத்தில் நின்று, இரண்டு கதவையும் பார்த்தான், இந்தக் கதவை ஒரு தடவை, அந்தக் கதவை ஒரு தடவை. எப்சிபா வாசலில் நின்றாள், கூப்பிடவில்லை. ஷெரின் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவே நின்றது. அவன் அண்ணாந்து தன் வீட்டு வாசலுக்கு மேலே பார்த்தான், முகம் சுருங்கினது.

"இந்தப் பல்ப போன லீவுலயே மாத்தச் சொன்னேன்லா? ஒன்கிட்ட ஒரு காரியம் சொன்னா நடக்காதுட்டி."

அவன் கோபமாய்ப் பேசினது அது ஒன்றுதான். அதைக் கேட்டு ஒரு பெண் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை என்று மைனி கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்.

லீவு முடிந்து அண்ணனும் தம்பியும் போய்விட்டார்கள். லிதியாள் வீட்டுக்குக் கோல்டன் கார்டில் இன்னும் தினமும் வருகிறான். எப்சிபாவின் கார்டு இப்போது வருஷம் தாண்டிய ஒரு தேதியில் கிடக்கிறது, கடைசியாய்ப் போன் கேட்டபோதும் அவள் சுலபம் என்றுதான் அமுக்கினாள். உங்களுக்கு அந்தப் பக்கம் போகிற வேலை வந்தால், அவள் முற்றத்தில் உட்காரவைத்து கருப்பட்டிக் காப்பி தருவாள், நல்ல மனுஷி. குடிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை சிரிக்கிற சத்தம் கேட்டால், தயவுசெய்து கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.